மஞ்சள் முக்காலியில் உட்கார்ந்துவிட்டது பற்றி மச்சானுக்கு

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன் எழுதிக்கொள்வது.

நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி எழுதினால் பொய்யாகிவிடும், எழுதாமல் விட்டால் மரியாதைக் குறைவாகிவிடும். ஆகையால் மின்விசிறி சுற்றுகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது என்பதோடு நிறுத்திக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மாலையிலிருந்து நான் நானாக இல்லை.

போன விடுமுறைக்கு நீங்கள் இங்கே வந்திருந்தபோது என் மகள் அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, இந்த வயதுப் பிள்ளை நாலு பேரோடு பழக வேண்டாமா, வாயைத் திறந்து பேச வேண்டாமா என்று என்னைப் பிடிபிடியென்று பிடித்தீர்கள். அதோடு விட்டீர்களா, சைக்கிள் கடைக்கு மேலே இளைஞர் மேம்பாட்டு மன்றம் ஒன்று இருக்கிறதாம் என்று எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்து, அவளைக் கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டு ஊருக்கு வண்டி ஏறிவிட்டீர்கள். மேம்பாடு என்ற சொல்லைக் கேட்டு நானும் ஏமாந்தேன். சுவரில் நாலு பொன்மொழி ஒட்டியிருப்பார்கள், டை கட்டிய ஒருவர் நேரத்தை வீணாக்காதீர்கள் என்று மணிக்கணக்கில் பேசுவார், பிள்ளைகள் கொட்டாவி விடும் என்று நினைத்தேன். அவளும் சனிக்கிழமை தோறும் போவாள், வருவாள். எப்படி இருந்தது என்றால் நன்றாக இருந்தது என்பாள். அங்கே அவசர வழி இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பாள். அறைக்குள் போய்விடுவாள். உங்கள் தங்கை கண்மூடிய பிறகு எங்கள் வீட்டில் பேச்சு என்பது சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், கதவைப் பூட்டினாயா, பூட்டினேன் என்கிற அளவில்தான். அதை நான் ஒரு குறையாக நினைத்ததே கிடையாது. நான் லிப்ட் பரிசோதகன் மச்சான். சத்தம் போடாத இயந்திரம் சரியாக ஓடுகிறது என்பதுதான் என் தொழிலில் கணக்கு.

நேற்று, புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு மன்றத்தின் வழக்கங்களை அறிமுகப்படுத்தும் மாலையாம். பெற்றோர் வந்து பார்க்கலாமாம். அவள் சொன்ன தினுசில் வா என்றும் இல்லை, வராதே என்றும் இல்லை. இத்தனை நாளாகப் பிள்ளை ஏறி இறங்குகிற கட்டடத்தை ஒருமுறைகூடப் பரிசோதிக்காமல் விட்டுவைத்திருக்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. போனேன். மாடிப்படியின் கைப்பிடி ஆடியது, குறித்துக்கொண்டேன். அவசர வழிக் கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலிலேயே நின்று உரக்கச் சுட்டிக்காட்டினேன். உள்ளே நீளமான ஒரு கூடம், பழைய பாய்கள், ஜன்னலோரம் ஒரு தண்ணீர்ப்பானை, கூடம் நிறையப் பிள்ளைகள். நட்ட நடுவில் மஞ்சள் சாயம் பூசிய ஒரு முக்காலி. அதன் ஒரு கால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டை என்று எனக்குத் தூரத்திலேயே தெரிந்துவிட்டது. இதில் யாராவது சின்னப் பிள்ளை உட்கார்ந்து கவிழ்ந்தால் யார் பொறுப்பு? பரிசோதனை என்று வந்துவிட்டால் கண்ணால் பார்த்துத் திருப்திப்படுகிறவன் அல்ல நான். எந்த லிப்டிலும் நானே ஏறிப் போய் வந்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். ஆகவே நேரே போய் அந்த முக்காலியின் மேல் என் முழு எடையையும் இறக்கி, இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தேன்.

கூடமே கைதட்டியது மச்சான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று திருதிருவென்று விழித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள்தான் மன்றத்துக்குத் தலைவியாம். என் மகளைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ கூட இருக்கும். காலையில் ரொட்டிக்கடையில் வேலையாம், புருவத்தில் இன்னும் மாவு இருந்தது. நான் முக்காலியைச் சோதிக்கத்தான் உட்கார்ந்தேன், சேருவதற்காக அல்ல என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னேன். அவளும் பொறுமையாகவே பதில் சொன்னாள்.

“முக்காலியில உக்காந்தவங்க புதுசா சேர்ந்தவங்க அங்கிள். அதுதான் இங்க வழக்கம். வழக்கத்துல வயசு ஒண்ணும் சொல்லல.”

ஒருவருக்காக ஒரு தடவை தளர்த்தினால் விதிக்கு என்ன மரியாதை என்று எத்தனை கட்டடச் சொந்தக்காரர்களிடம் நான் சண்டை பிடித்திருக்கிறேன். அதே வசனத்தை அந்தப் பெண் எடுத்துவிடுவதற்குள் நானே வாயை மூடிக்கொண்டேன். புதியவரைக் கூட்டி வந்தது யார் என்று கேட்டாள். என் மகள் கையைத் தூக்கினாள். கூட்டி வந்தவர்தான் அந்தப் புதியவருக்குத் துணையாம். அடுத்த அறிமுக மாலை வருகிற வரைக்கும் புதியவர் துணை சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டுமாம். பெற்ற மகளிடம் என்னை ஒப்படைத்துவிட்டார்கள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது. உங்கள் தங்கைக்கு வருமே, உதட்டை மடித்து அடக்குகிற சிரிப்பு, அதுவேதான்.

அங்கே யாருக்கும் வீட்டுப் பெயர் கிடையாது. மன்றம் வைக்கிற பெயர்தான். வந்ததும் வராததுமாக அவசர வழியைப் பற்றிப் பேசிய குற்றத்துக்காக எனக்கு ‘பூட்டு’ என்று வைத்தார்கள். இத்தனை வருட சர்வீசில் மேலதிகாரிகூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக் கூடம் இரைந்தபோது தலைவி திரும்பிப் பார்த்து, “விசில், ஒரு தடவை” என்றாள். அங்கே ‘விசில்’ என்பது என் மகளாம். இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள் பாருங்கள், கீழே சைக்கிள் கடையில் சுத்தியல் சத்தம் நின்றது. கூடம் கப்பென்று அடங்கியது. நான் முக்காலியோடு சேர்ந்து எழும்பிவிட்டேன். வீட்டில் கரண்டி கீழே விழுந்தால்கூட என்னைத் திரும்பிப் பார்க்கிற பிள்ளை மச்சான் அது. அவளுக்கு விசில் அடிக்க வரும் என்பது ஒரு கூடம் நிறைந்த அந்நியர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது. 

இதற்குள் இன்னொரு அநியாயம். புதியவர்கள் எல்லாருடைய இடது கால் செருப்பையும் கழற்றச் சொல்லி ஒரு கூடையில் வாங்கிக்கொண்டார்கள். என்னுடையதையும் சேர்த்துத்தான். பழைய உறுப்பினர்கள் ஆளுக்கொன்றாக எடுத்து எங்கேயோ ஒளித்துவைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். இனிமேல் புதியவர் ஒற்றைச் செருப்போடு ஒவ்வொருவரிடமும் போக வேண்டும். அவரைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டும். அவர் உண்மையான பதில் சொல்லுவார், திருப்பி ஒன்று கேட்பார். அதற்கும் உண்மையான பதில் சொன்ன பிறகுதான் செருப்பு தன்னிடம் இருக்கிறதா இல்லையா என்று காட்டுவார். புதிதாக வருகிற பிள்ளை எல்லாரோடும் பேசிப் பழகிவிடுமாம், கூச்சம் போய்விடுமாம். எனக்குக் கூச்சமா? எழுந்து வந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் ஆடுகிற கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு படி இறங்குவது எந்த விதமான பாதுகாப்பு?

முதலில் ஒரு பையனிடம் போனேன். பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தான், அவனுக்குப் பெயர் ‘ரேடியோ’. உங்கள் வீட்டு ஒயரிங் எப்போது கடைசியாகச் சோதிக்கப்பட்டது என்று கேட்டேன். வீட்டைப் பற்றிக் கேட்கக் கூடாதாம், ஆளைப் பற்றித்தான் கேட்க வேண்டுமாம். சரி, ஏனப்பா இப்படி ஓயாமல் பேசுகிறாய் என்றேன். “வீட்ல யாரும் பேச மாட்டாங்க அங்கிள். ஏதாவது சத்தம் வேணும்ல” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசியாக எப்போது வாய்விட்டுச் சிரித்தீர்கள் என்று கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவனும் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தான், ஆனால் எனக்கு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அதுவும் உண்மையான பதில்தான் என்று விட்டுவிட்டான். செருப்பு அவனிடம் இல்லை. தலைவியிடம் போனேன். அவள் திருப்பிக் கேட்டது மட்டும் எனக்குத் தோதான கேள்வி. லிப்டுக்குள் தனியாக மாட்டிக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்றாள். பதறாதே, மணியை அழுத்து, வெளியே ஆள் இருக்கிறாரா என்று குரல் கொடு, கௌரவம் பார்த்துக்கொண்டு சும்மா மட்டும் நிற்காதே, சும்மா நின்றால் உள்ளே ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது என்று விலாவாரியாகச் சொல்லிக்கொடுத்தேன். கேட்டுக்கொண்டே என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தாள். அவளிடமும் செருப்பு இல்லை. இப்படியே கூடத்தைச் சுற்றி வந்தேன், என் மகள் ஒருத்தியைத் தவிர எல்லாரையும் கேட்டாகிவிட்டது.

அவளிடம்தான் இருக்கிறது என்று அப்போது கூடத்துக்கே தெரியும். செருப்பைக் கொடு, போகலாம் என்றேன். கேள்வி கேட்டால்தான் தருவாளாம். இவளைப் பற்றி எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது, பெற்றவன் நான், இந்த வழக்கம் எனக்குப் பொருந்தாது என்று தலைவியிடம் வாதாடினேன். தலைவி உடனே சோதித்துப் பார்த்தாள். பிடித்த நிறம் என்ன என்றாள். நீலம் என்றேன். மகள் இல்லை என்று தலையாட்டினாள். நெருங்கிய தோழி யார் என்றாள். எதிர்வீட்டுப் பெண் என்றேன். அவர்கள் வீடு மாறிப் போய் வெகு நாளாகிறது அப்பா என்றாள் மகள்.  அந்தக் குழப்பத்தில், விபத்து நடந்த கட்டடங்களில் காவலாளியிடம் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது. என்னிடம் சொல்லாமல் மறைத்து வைத்திருப்பது ஏதாவது உண்டா என்றேன். காவலாளிகள் எப்போதும் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

“இருக்கு” என்றாள். “பாலம் கட்டுற படிப்புக்கு எனக்கு இடம் கிடைச்சிருக்குப்பா. ரயில்ல ஒரு பகல் ஒரு ராத்திரி போகணும். கிடைச்சு ரொம்ப நாளாச்சு. நான் போயிட்டா நீங்க வீட்ல தனியா இருப்பீங்களேன்னு சொல்லல.”

தலையில் இடி விழுந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். விழுந்தது மச்சான்.  பதில் சொல்ல வாயைத் திறந்தால், தலைவி குறுக்கே கையை நீட்டினாள். இங்கே இன்னொரு வழக்கம் உண்டாம். ஒருவர் மனதில் இருப்பதைச் சொன்னால், பதில் சொல்வதற்கு முன்னால் அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் ‘சரி’ என்ற பிறகுதான் நம் பதில். இது என்ன பிரமாதம் என்று ஆரம்பித்தேன். இவள் ஊர் விட்டு ஊர் போய், தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்றுகூடத் தெரியாத ஏதோ ஒரு விடுதியில் தங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்கு மேலே நின்று பாலம் கட்டப் போகிறாளாம் என்றேன். அதில் பாதி அவள் சொல்லவில்லை என்று பிள்ளைகள் கோரஸாகச் சொன்னார்கள். சரி, என்னைக் கேட்காமல் தானே முடிவு பண்ணிவிட்டாள் என்றேன். மகள் தலையாட்டினாள், அதுவும் இல்லை. ரேடியோ என் பக்கம் சாய்ந்து, “அவ சொன்னத மட்டும் சொல்லுங்க அங்கிள்” என்று காதோடு சொன்னான். அவள் சொன்னதை மட்டும் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. நடுவில் என் பேச்சு வந்து வந்து நுழைந்துகொண்டது. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன், இவளுக்குப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, இவள் போனால் நான் தனியாக இருப்பேனே என்று என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவள் ‘சரி’ என்றாள்.  இனி என் முறை. கூடம் முழுக்க என்னையே பார்க்கிறது.  வீட்டில் சொல்கிறேன் என்றேன். அவள் பையிலிருந்து செருப்பை எடுத்து என் காலருகே வைத்தாள். திரும்பி வருகிற வழியில் நாங்கள் பேசியது, படியைப் பார்த்து இறங்கு என்ற ஒன்றுதான்.

ஆகையால் மச்சான், கெடுத்தவர் நீங்கள், சரி செய்ய வேண்டியவரும் நீங்கள்தான். கடிதம் கண்டதும் அவளுக்கு எழுதுங்கள். அந்த மன்றம் நல்ல குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம் அல்ல, உடனே விலகிவிடு என்று எழுதுங்கள். என்னையும் உறுப்பினர் பதவியிலிருந்து விடுவிக்க வழி உண்டா என்று விசாரியுங்கள். பாலம்தான் கட்ட வேண்டுமென்றால் இங்கே பக்கத்துக் கல்லூரியிலேயே கட்டடப் படிப்பு இருக்கிறது, காலையில் போய் மாலையில் வந்துவிடலாம். அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது, விழுந்தால் நான் எப்படிப் போய் எடுப்பேன்? எனக்காகச் சொல்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். நான் சமைப்பேன், துவைப்பேன், எனக்கென்ன குறை. வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போது மாடியில் அவள் அறை விளக்கு எரிய வேண்டும், வேறொன்றும் எனக்கு வேண்டாம். அவள் வெளியே வந்து பேச வேண்டும் என்றுகூட இல்லை. இருட்டுக் கிடக்கும் வீட்டைப் பார்த்தால் திருடனுக்குத் துணிச்சல் வரும், அதற்காகத்தான். இது முழுக்க முழுக்கப் பாதுகாப்புப் பிரச்சினை. என் முடிவு, கூடாது. அதில் மாற்றம் இல்லை. தாய்மாமன் வாயால் சொன்னால் அவளுக்கும் மனக்கசப்பு இருக்காது என்பதால் அந்தப் பொறுப்பை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு, உங்கள் வீட்டுப் பின்பக்கப் படியில் ஓடாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
அதிர்ச்சியிலிருந்து இன்னும் மீளாத
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையில் போட மடித்துக்கொண்டிருந்தேன், அவள் வந்துவிட்டாள். பக்கம் பக்கமாக யாருக்கு என்றாள். மாமாவுக்கு என்றேன். படியுங்கள் என்றாள். முடியாது என்றேன். துணை சொல்வதைப் புதியவர் கேட்க வேண்டும் என்பது வழக்கம் என்றாள். வேறு வழியில்லாமல் சமையலறை மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, உங்களைத் திட்டிய இடங்கள் உட்பட, படித்துக் காட்டினேன்.  முடித்துவிட்டு, உன் பதிலைச் சொல் என்றேன். முதலில் திருப்பிச் சொல்ல வேண்டுமே என்றாள். இவ்வளவு பக்கத்தையும் எப்படித் திருப்பிச் சொல்வாள், நன்றாக மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு உள்ளூர ஒரு திருப்தி.

“தனியா இருக்கப் பயமா இருக்குன்னு சொல்றீங்கப்பா.”

அப்படி எங்கே எழுதியிருக்கிறேன் என்று பக்கங்களைப் புரட்டினேன். எங்கேயும் இல்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ‘சரி’ என்றுதான் வந்தது. அப்புறம் இரண்டு பேரும் அழுதோம், அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. பிறகு அவள் முறை வந்தது. அடுப்பில் வைத்தது ஆறி, திரும்பச் சூடாக்கி, அதுவும் ஆறுகிற வரைக்கும் பேசினாள். உங்கள் தங்கை போன நாளிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்தது அது. அவளுடையது என்பதால் உங்களுக்கு எழுதவில்லை. நானும் அவள் சொன்னதை மட்டும் திருப்பிச் சொன்னேன், இந்தத் தடவை ஒரே தடவையில் வந்துவிட்டது.

எனவே மேலே கண்ட எதையும் செய்ய வேண்டாம். அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். மன்றத்தைப் பற்றி நான் சொன்னதை யாரிடமும் சொல்ல வேண்டாம், சனிக்கிழமை நான் அங்கே போக வேண்டியிருக்கிறது. இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுகிறேன் என்றால், இதையே அனுப்புங்கள், மாமா சிரிக்கட்டும் என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ரயில். வழியனுப்ப நீங்கள் அவசியம் வர வேண்டும். வரும்போது ஒரு வாரம் தங்குகிற மாதிரி துணிமணியோடு வாருங்கள். எதற்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அதைத்தான் மேலே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்.